மூடி போட்ட கட்டைவிரல்

முதலில் எனக்குத் தீங்கு செய்தவர் யாரென்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதைச் சொல்கிறேன். செல்லப்பாண்டி. என் மனைவி போதும்பொண்ணுக்குக் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான், கப்பலூர் தொழிற்பேட்டையில் கண்ணாடி இழைக்கு முனை பூட்டிப் பாலிஷ் போடும் கம்பெனியில் எனக்கு மேலே சூப்பர்வைசர். எங்கள் கல்யாணத்தில் என் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போனவர் அவர், அதே கையைத்தான் பிற்பாடு ஓர் அறை நிறைய ஆட்கள் பார்க்கக் கேவலப்படுத்தினார்.

அந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமுடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை ஓடவிட்டுத்தான் இன்று ஊரே போனில் பேசுகிறது, படம் பார்க்கிறது. ஓர் இழை இன்னோர் இழையைத் தொடுகிற இடத்தில் வெளிச்சம் சிந்தாமல் தாண்ட வேண்டும், அதற்குத்தான் முனை. இழையின் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட் நனைத்த தாளால் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து, ஏனென்றால் முன்னும் பின்னும் துடைத்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம், வெள்ளைப் பீங்கான் குழலுக்குள் பசை ஏற்றி இழையை நுழைத்து, பசை தேன் நிறம் ஆகும்வரை அடுப்பில் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வைர முனையால் ஒரே ஒரு கீறல் கீறி நேராக இழுத்து எடுக்க வேண்டும். வளைத்து ஒடித்தால் உள்ளே பிளந்துவிடும். அதற்குமேல் பாலிஷ் தாள். முதல் தாளை ஒரு கையில் காற்றில் பிடித்து, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி லேசாகத் தேய்த்து, அப்புறம் மேசையில் ரப்பர் மேல் தாளை விரித்து எட்டு போட வேண்டும். லைசென்ஸுக்கு எட்டு போடத் தெரியாமல் திரும்பி வந்தவனெல்லாம் எங்கள் அறையில் விரலால் அழகாக எட்டு போடுவான். முதல் மேசையில் சொரசொரத் தாள், அடுத்தடுத்த மேசையில் நைசுத் தாள், கடைசி மேசையில் தாளா தண்ணீரா என்று தெரியாத தாள். அந்தக் கடைசி மேசைதான் என்னுடையது.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு, சுவரில் எழுதாத சட்டம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு துணி, துணியின் ஓரத்தில் ஒரு கலர் நூல், ஒரு மேசைத் துணி இன்னொரு மேசைக்குப் போகக் கூடாது. முதல் மேசையின் பொடியில் ஒரே ஒரு துகள், கண்ணுக்கே தெரியாத ஒன்று, கடைசி மேசைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே தேய்க்கிற முனை ஒவ்வொன்றிலும் கோடு விழும். தீட்டு பார்க்கிற வீட்டில் கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள், நாங்கள் துணிக்கு அப்படிப் பார்த்தோம்.

பெரிய சரக்கு ஒன்று போக வேண்டிய நாள், லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் கை கழுவ வெளியே போயிருந்தேன். என் மேசையின் மஞ்சள் நூல் துணி தரையில் விழுந்து அழுக்காகிக் கிடந்திருக்கிறது. மச்சான் அவசரத்தில் முதல் மேசையின் சிவப்பு நூல் துணியை எடுத்து என் மேசையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வந்தபோது மேசை ஈரமாக இருந்தது, யாரோ உதவி செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எட்டு போட உட்கார்ந்தேன். பார்த்தது பக்கத்து மேசை ஜெயக்கொடி மட்டும்தான்.

சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. வாங்கியவரே நேரில் வந்து நின்றார். மச்சான் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் ஒன்றை வைத்து, அதைச் சுவரில் மாட்டியிருந்த டிவியில் போட்டார். டிவி நிறைய வட்டமான முனை, பௌர்ணமி மாதிரி, அதன் நடுவில் குறுக்கே ஒரு கோடு. மச்சானுக்கு அந்த இடத்திலேயே புரிந்திருக்கும், அவர் முகம் போன போக்கில் எனக்கும் பிற்பாடு புரிந்தது. ஆனால் வாங்கியவர் பக்கத்தில் நிற்கிறார், முதலாளி பின்னால் நிற்கிறார். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்து, கையை எல்லாரும் பார்க்கத் தூக்கி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இது பிச்சைமணி கை போட்ட கோடு."

பிச்சைமணி நான்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அந்தக் கை ஒன்றைத்தான் ஊரில் எனக்கென்று மரியாதையாக வைத்திருந்தேன். பெண்டாட்டியின் அண்ணனை அந்நியர் முன்னால் எப்படி எதிர்த்துப் பேசுவது. காலையில் ஓர் இழைத் துண்டு என் கட்டைவிரலில் ஏறியிருந்தது, ஒடித்த துண்டுகளை ஒட்டுத்தாளில் ஒட்டிப் போடாவிட்டால் அப்படித்தான் ஆகும், மீன் முள் மாதிரி உள்ளே போய் எடுக்க வராமல் இருந்தது. எல்லாரும் என் கையைப் பார்க்க, என் முகம் சுட்டது, காது சுட்டது, அந்தச் சூடு கழுத்து வழியாகத் தோளில் இறங்கி, கையில் இறங்கி, மேற்கொண்டு போக வழியில்லாமல் கட்டைவிரலில் வந்து நின்று சிவப்பு வெளிச்சமாக வெளியே வந்தது.

"அண்ணே, உங்க வெரல் எரியுது," என்றாள் ஜெயக்கொடி.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். தொட்டுப் பார்த்துச் சுடவில்லை என்றதும் தண்ணீரை அவர்களே குடித்துவிட்டார்கள். வாங்கியவர் தன் போனில் மணி பார்த்தார். அதற்குள் ஜெயக்கொடி காலியான பசைப் பாட்டிலின் நீல மூடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து என் விரலில் மாட்டிவிட்டாள். எங்கள் அறையில் வெளிச்சம் வருகிற எந்த முனையையும் மூடி போடாமல் விடுவதில்லை, தூசி உட்கார்ந்துவிடும். அவளுக்கு அது பழக்கம், வேறொன்றும் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும், அறையில் இருந்த ஒரே சிவப்பு லைட் பேனா கீழே விழுந்து உடைந்தது. இழை நடுவில் ஒடிந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனையில் அந்தப் பேனாவை வைத்து, மறுமுனையில் சிவப்பு வருகிறதா என்று பார்ப்போம். முனைக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோகாமல் தாளில் விழவிட்டுத்தான் பார்க்க வேண்டும். புதுப் பேனா வர நாளாகும் என்றார்கள். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, முதலாளி என் நீல மூடியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். நான் மூடியைக் கழற்றி விரலை ஓர் இழையின் முனையில் வைத்தேன். அறையின் அந்தக் கோடியில் ஜெயக்கொடி பிடித்திருந்த தாளில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அன்று முதல் நான் எட்டு போடவில்லை. கடைசி மேசையை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஒரு ஸ்டூல். இழைகள் வரும், விரலை வைப்பேன், போகும்.

ஆனால் விரல் தானாக எரிவதில்லை என்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று. வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் யாரோடாவது சிரித்துப் பேசிவிட்டு வந்த காலையில் மூடியைக் கழற்றினால் அவிந்த ஊதுபத்தி மாதிரி இருக்கும். அப்போது மச்சான் அந்தக் கோட்டை டிவியில் போட்டு, என் மணிக்கட்டைத் தூக்கி, அந்த வாக்கியத்தைச் சொல்வார், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், விரல் எரியும். பார்க்காவிட்டால் எரியாது. ஆகவே எல்லாரும் வேலையை நிறுத்தி எழுந்து நின்று பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. முதல் சில நாள் யாருக்கும் பிடிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள், வெளிச்சம் பத்தவில்லை, அன்றைய வேலை ஓடவில்லை. அப்புறம் நிமிர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டார்கள். பழகியபின் அதில் ஒரு மரியாதை கூட வந்துவிட்டது. மச்சான் காலையில் வந்து, "ஆரம்பிக்கலாமா மாப்ள," என்று கேட்பார், நான் தலையசைப்பேன், அவர் சத்தம் போட்டு என்னை அசிங்கப்படுத்துவார், எல்லாரும் பார்ப்பார்கள், விரல் பற்றிக்கொள்ளும், அவர் குரலை இறக்கி, "சாப்ட்டீங்களா," என்று கேட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போவார். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு வந்த பெண்கள் என் கட்டைவிரலுக்கும் பூசினார்கள்.

கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனால் ஆட்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கம்மல் திருகாணி கட்டிலுக்கடியில் விழுந்ததா, தண்ணீர்த் தொட்டிக்குள் மோட்டார் வால்வு அடைத்ததா, பிச்சைமணி அண்ணனைக் கூப்பிடு. வந்தவர்கள் முதலில் தயங்கி நிற்பார்கள், "தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்பார்கள், அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள், அதற்குள் பார்வைகூட வேண்டாம், வாக்கியம் ஒன்றே விரலுக்குப் போதும் என்று ஆகியிருந்தது. சொல்லிவிட்டு வெளிச்சத்தில் வேலையை முடித்துக்கொண்டு, போகும்போது முருங்கைக்காயோ தயிரோ கொடுத்துவிட்டுப் போவார்கள். பொல்லாத ஆட்கள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. மச்சான் கொண்டுவந்து போட்ட வாக்கியம் அது, அவர்கள் தீப்பெட்டி மாதிரி எடுத்து உரசினார்கள், அவ்வளவுதான்.

போதும்பொண்ணுக்குத்தான் தாங்கவில்லை. புருஷனை நிற்கவைத்து ஊரே அசிங்கப்படுத்துகிறது, அதற்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தது தன் அண்ணன். விசேஷ வீடுகளில் என் கைமேல் சேலை முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜெயக்கொடி ஒருநாள் சந்தையில் வைத்து அவளிடம் துணி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே போதும்பொண்ணு அண்ணன் வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன், போய்ச் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கோடு பிச்சைமணி போட்டதில்லை என்று, எந்த அறையில் சொன்னாரோ அந்த அறையில், அதே ஆட்கள் முன்னால், அதே சத்தத்தில் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

மச்சான் மறுக்கவில்லை. அதுதான் கொடுமை. தங்கச்சிக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சொல்லிருவேன் தங்கச்சி. சொன்னா வெரல் அவிஞ்சிரும். அவிஞ்சா நாளைக்கு எதை வச்சுப் பாக்குறது? அந்த அறைல அம்புட்டுப் பேரும் அடுப்பு பத்த வைக்கிறது மாப்ள வெரல வச்சுத்தான்."

"அப்ப எம் புருசன் என்ன, வெளக்கா?" என்றாள் போதும்பொண்ணு.

"புதுப் பேனா வரட்டும்," என்றார் மச்சான்.

புதுப் பேனாக்கள் வந்தன, ஒரு பெட்டி நிறைய. அன்று காலை நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். மச்சான் வந்தார், பேனாக்களை மேசைக்கு ஒன்றாக வைத்தார், என்னைப் பார்த்தார், டிவியைப் போட்டார், என் மணிக்கட்டைத் தூக்கினார், வாய் அதன் பாட்டுக்கு அதே வாக்கியத்தைச் சொல்லிற்று. எல்லாரும் அதன் பாட்டுக்கு எழுந்து நின்று பார்த்தார்கள். விரலும் அதன் பாட்டுக்கு எரிந்தது. பிற்பாடு கேட்டேன். நான் லீவு போட்ட ஒருநாள் சும்மா நிறுத்திப் பார்த்தாராம், அன்றைக்கு அறையில் ஒருத்தருக்கும் கை ஓடவில்லையாம், காலையில் அதைக் கேட்டால்தான் பெண்களுக்கு எட்டு ஒழுங்காக விழுகிறதாம். வெளியூரிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவர்களும் விரலைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள், பார்த்துவிட்டு நல்ல வெளிச்சம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம்விட ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். தினமும் கேட்டுக் கேட்டு, ஒருநாள் டிவியில் அந்தக் கோட்டைப் பார்த்தபோது, என் கைதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அன்று விரல் எரிந்த மாதிரி அதற்கு முன்னால் எரிந்ததில்லை. கோடி மேசையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். சாயங்காலம் ஜெயக்கொடியைத் தனியே நிறுத்தி, எந்தத் துணி என்று கேட்டேன். "சேப்பு நூலுண்ணே, எத்தனை வாட்டி சொல்றது," என்றாள். அதைக் கேட்டபின்தான் பஸ் ஏறினேன்.

மச்சான் ஓய்வு பெறுகிற நாள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பாலிஷ் அறையிலேயே விழா வைத்தார்கள், தூசி வராமல் இருக்க ஜன்னல் வைக்காத அறை அது, கதவைச் சாத்தினால் பகலிலும் குழல்விளக்குதான். மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டு, மைக் செட் வாடகைக்கு எடுத்து, மிக்சர் பொட்டலமும் கேசரியும் வைத்திருந்தார்கள். போதும்பொண்ணு வந்திருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று காலையில் அண்ணன் அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். அவள் அந்தத் தடவை என் கையை முந்தானையால் மூடவில்லை. என் விரலில் மூடியைத் தானே கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள், இனிமேல் எதற்கு என்று. விரல் லேசாக, விடிவிளக்கு மாதிரி இருந்தது, அணையத் தயாராக இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சால்வை போட்டார்கள். முதலாளி பேசினார். மச்சான் மைக்கைப் பிடித்தார். கம்பெனி தொடங்கிய கதை, அடுப்பு வாங்கின கதை, லாரி மழையில் மாட்டின கதை எல்லாம் சொன்னார். அப்புறம் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு விசயம் சொல்லணும்," என்றார். "எங்க மாப்ள பிச்சைமணி…"

கரண்ட் போயிற்று.

கும்மிருட்டு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பயப்படக்கூட யாருக்கும் தோன்றவில்லை, இருட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறைக்குத் தெரியும். ஒரு குரல் ஆரம்பித்தது, இன்னொரு குரல் சேர்ந்தது, கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாரும் ஒரே குரலாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, கோபமில்லாமல், அன்பாகக்கூட, "இது பிச்சைமணி கை போட்ட கோடு, இது பிச்சைமணி கை போட்ட கோடு," என்று சொன்னார்கள். என் விரல் பற்றிக்கொண்டது. கை தானாகத் தூக்கிக்கொண்டது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மேடையில் மச்சான் முகம் தெரிந்தது. உயிரில்லாத மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு நின்றார், அவர் உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவருக்கும் எனக்கும் நடுவில் அந்த வாக்கியம் அலை அலையாக எழும்பிக்கொண்டிருந்தது, என் காதில் வேறொன்றும் விழவில்லை. ஜெயக்கொடி மட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள், அவளுக்கும் கேட்கவில்லையாம்.

ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு வந்தது, எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முதலாளி, "ஏதோ சொல்ல வந்தீங்களே," என்றார்.

"சொல்லிட்டேன்," என்றார் மச்சான்.

போதும்பொண்ணு பையிலிருந்து மூடியை எடுத்து என் விரலில் மாட்டினாள். அவள் அண்ணனோடு அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவள்தான். நானும் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டேன், அன்றைக்குப் பற்றிய விரல் மட்டும் அப்புறம் அவியவில்லை. அதன்பின் அவர்கள் காலையில் பழைய சூப்பர்வைசரும் இல்லாமல், விரலும் இல்லாமல், டிவியில் அந்தக் கோட்டை மட்டும் போட்டு, எழுந்து நின்று, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்வி. புதிதாய்ச் சேர்ந்த பெண்களுக்குப் பிச்சைமணி யாரென்று தெரியாதாம். ஆனால் துணி மாறக் கூடாது என்பது மட்டும் நன்றாகப் பதிந்திருக்கிறதாம். அந்த மட்டில் சந்தோஷம். இந்த வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அதை நினைவில் வையுங்கள், அவசரமென்றால் கையைச் சட்டையில் துடையுங்கள், பக்கத்து மேசைத் துணியைத் தொடாதீர்கள்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்ணில் புரை விழுந்து தடவித் தடவி வந்தார். போதும்பொண்ணு பேசவில்லை, ஆனால் காபி வைத்தாள். அதை எப்போது சொல்வீர்கள் என்று நான் நேரடியாகவே கேட்டேன்.

"அன்னைக்கே சொல்லிட்டேனே மாப்ள," என்றார்.

நான் மூடியைக் கழற்றி விரலை அவர் கண்ணெதிரே பிடித்தேன். புரை விழுந்த கண்ணுக்கும் அது தெரிந்தது. சொல்லியிருந்தால் இது ஏன் எரிகிறது என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் புரியாமல் இல்லை. வாயைத் திறந்தார். தெருவில் யாரும் இல்லை, அடுக்களையில் போதும்பொண்ணு பாத்திரச் சத்தத்தை நிறுத்திக் காது கொடுத்தாள். அவர் எழுந்துகொண்டார்.

"செருப்பு எங்க கெடக்குன்னு பாருங்க மாப்ள," என்றார்.

விரலைக் கீழே பிடித்தேன். செருப்பு தெரிந்தது. போட்டுக்கொண்டார். படியில் விழுந்துவிடக் கூடாதே என்று தெருமுனை வரைக்கும் வெளிச்சம் காட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கோடு பிச்சைமணி போட்டதில்லை. நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், போதும்பொண்ணைச் சொல்லச் சொன்னேன், ஜெயக்கொடி வந்திருந்தபோது அவளையும் சொல்லச் சொன்னேன். எரிகிறது. அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது, எனக்கும்தான். மூடியை மட்டும் தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைக்கிறேன்.